புதுக் காரின் கதவு

உக்குவளை ரயில்வே கேட் மூடியதும், பின் சீட்டில் இருந்த ஸெய்னுலாப்தீன் முதலாளி இடது பக்கக் கதவை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

விட்டால் கதவு திறந்துகொள்ளும். வாங்கி எட்டு மாதம்கூட ஆகாத கார்!

மாத்தளைப் பக்கத்திலேயே இப்படியொரு வண்டி இல்லையென்று கொக்கோ விற்க வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடித்தாயிற்று. இப்போது கதவைக் கயிற்றால் கட்ட முடியுமா? அதனால் கையை ஜன்னலுக்கு வெளியே போட்டு, சும்மா காற்று வாங்குகிற மனிதரைப் போல உட்கார்ந்திருந்தார்.

முதலில் கடிகாரம் நின்றது. பிறகு, இறக்கிய கண்ணாடி ஏற மாட்டேன் என்றது. மழை பெய்தால் காருக்குள் குடை பிடிக்க வேண்டியிருந்தது. பளபளத்த பம்பர் அம்மை கண்டதுபோல் கொப்பளித்தது. போன வாரம் இந்தக் கதவின் பூட்டு.

சுதந்திரம் கிடைத்த வருஷம் வாங்கிய பழைய கார் பதினோரு வருஷம் ஓடியது. ஒரு ஆணி கழன்றதில்லை. அதை ஓட்டியவனும் இப்போது முன்னால் உட்கார்ந்து ஓட்டுகிற இதே நாகமுத்துதான்.

கொழும்புக் கம்பெனிக்குக் கடிதம் எழுதினார். வண்டியில் குறை எதுவும் இல்லை, ஓட்டுகிறவரைக் கவனிக்கவும் என்று வழவழப்பான தாளில் பதில் வந்தது.

அத்தோடு முதலாளிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இவ்வளவு விலை வாங்கிக்கொண்டு வெள்ளைக்காரன் ஓட்டைச் சாமானைத் தருவானா? இந்தப் பயல்தான் அசலைக் கழற்றித் தம்புள்ளையில் விற்றுவிட்டு, தகரத்தைப் பூட்டி வைக்கிறான்!

அதற்குப் பிறகு நாகமுத்து சிரித்தால் அது கள்ளச் சிரிப்பு. சிரிக்காவிட்டால் குற்றமுள்ள நெஞ்சு. வண்டியை நன்றாகத் துடைத்தால் எதையோ மறைக்கிறான். ஒரு நாள் அவன் குளிக்கப் போன நேரம் பார்த்து அவனுடைய சாப்பாட்டுப் பையைத் திறந்து பார்த்தார். ரொட்டியும் சம்பலும்தான் இருந்தன. எவ்வளவு கெட்டிக்காரன் என்று இன்னும் ஆத்திரம் வந்தது.

இன்று முதலாளியின் சட்டைப் பையில் நாகமுத்துவின் மேல் பொலிஸுக்குக் கொடுக்கும் பெட்டிசம் இருந்தது. நாகமுத்துவைக் காரிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, மாத்தளைக் கோர்ட்டு வாசலில் எழுதுகிறவனிடம் சொல்லி எழுதியது. மனைவி மஸீனாவிடம்கூட மூச்சு விடவில்லை. நாகமுத்துவிடம் பேங்குக்குப் போகணும் என்று மட்டும் சொல்லியிருந்தார். போகிற வழியில் பொலிஸ் வாசலில் நிறுத்தச் சொன்னால் முடிந்தது காரியம். களவெடுத்த வண்டியிலேயே கள்ளன் தானாக வந்து இறங்குவான். எப்படி யோசனை!

அவனுக்குப் பெண்டாட்டியும் மூன்று பிள்ளைகளும். பிரஜாவுரிமை இல்லாத தோட்டத்து ஆள். ஒரு களவு வழக்கு விழுந்தால் பிறகு எவனும் அவன் கையில் சாவி கொடுக்க மாட்டான். அந்த நினைப்பும் வந்தது. களவெடுக்கும்போது அவன் அதையெல்லாம் யோசித்தானா என்று கேட்டு அதை அடக்கிக்கொண்டார்.

அப்போது இடது பக்கப் புல்லில் இறங்கி இன்னொரு கார் வந்து நின்றது.

அதே கார். அதே சந்தன நிறம்.

கண்டியில் புடவைக் கடை வைத்திருக்கும் அப்துல் ஸமத் ஹாஜியார் தானே ஓட்டி வந்திருந்தார். இடது கை ஸ்டியரிங்கில். வலது கை ஜன்னலுக்கு வெளியே, காற்று வாங்கிக்கொண்டிருந்தது.

இருவரும் ஸலாம் சொல்லிக்கொண்டார்கள். இருவருமே கதவிலிருந்து கையை எடுக்கவில்லை.

"என்ன ஹாஜியார், டிரைவர் எங்க?"

"கேக்காதீங்க ஸெய்னுலாப்தீன் நானா! கள்ளப் பயல், நல்ல சாமானெல்லாம் கழட்டி வித்திட்டான். பொலிஸ்ல புடிச்சுக் குடுத்து, ஆறு மாசமா மறியல்ல கம்பி எண்ணுறான். இனி ஒருத்தனையும் கிட்ட எடுக்கிறதில்ல. சாவி என்ட இடுப்புலதான்."

"அப்ப அந்தக் கதவு?"

ஹாஜியார் தண்டவாளத்தைப் பார்த்தார்.

"இது... போன வெள்ளிக்கிழமதான் பூட்டு விட்டிச்சு."

ரயில் வந்தது. அது கடந்து போகும்வரை ஸெய்னுலாப்தீன் அந்த வெள்ளிக்கிழமையையே நினைத்துக்கொண்டிருந்தார். மறியலில் இருக்கிறவன் எப்படி வந்து பூட்டைக் கழற்றுவான்? ஜின் வந்தா கழற்றியது?

ஹாஜியாருக்கும் அது விளங்காமல் இருக்குமா? விளங்கியிருக்கும். ஆனால் இந்த விலை கொடுத்து ஏமாந்துவிட்டேன் என்று ஊரில் சொல்வதைவிட, கள்ளப் பயல் என்று சொல்வது லேசு. யா அல்லாஹ், அந்த லேசான வேலையைச் செய்யத்தானே தானும் புறப்பட்டு வந்திருக்கிறார்!

கேட் திறந்தது. ஹாஜியார் ஒற்றைக் கையால் ஸ்டியரிங்கைத் திருகி, வண்டியை ரோட்டில் ஏற்றிக்கொண்டு போனார்.

நாகமுத்து கியரைப் போட்டான்.

"திருப்பு," என்றார் முதலாளி. "வீட்டுக்குப் போவம். செக் புத்தகத்த மறந்திட்டு வந்திட்டேன்."

நாகமுத்து திருப்பவில்லை. பின்னால் லொறிக்காரன் ஹோர்ன் அடித்துத் தீர்த்தான். முன்னால் தொங்கிய சின்னக் கண்ணாடியில் நாகமுத்துவின் கண்கள் மட்டும் தெரிந்தன. என்னத்தை மறைக்கிறான் என்று முதலாளியின் மனம் பழக்கத்தில் தேடியது.

"அப்ப இன்னைக்குப் பொலிஸுக்குப் போகலீங்களா, மொதலாளி?" என்றான் நாகமுத்து. "வீட்டுல மாத்துத் துணியெல்லாம் கட்டிக் குடுத்திருச்சுங்க."