கிளிப்புக்குப் போட்ட ஓட்டு

“‘ஒரே ஒரு வாக்குறுதியை வச்சுக்கிட்டு ஓட்டுக் கேக்குறியே, வெக்கமா இல்ல?’ன்னு இந்த ஹேங்கர் என்னைக் கேக்குறாரு! எனக்கு வெக்கமே இல்லை. பிடிச்சா விடமாட்டேன், அவ்வளவுதான் என் கொள்கை” என்று கத்தியது கிளிப்.

மொட்டைமாடிக் கொடியில் அன்று தேர்தல். எந்தத் துணி யாருக்கு ஓட்டுப் போடுகிறதோ, அது அவரிடம்தான் தொங்க வேண்டும்.

ஹேங்கர் தோளை விரித்துக்கொண்டு, வெயில், நிழல், சுருக்கமில்லாத வாழ்வு, பீரோவில் நிரந்தர இடம் என்று அடுக்கியது. நைட்டி மயங்கிப்போய் அதற்கு ஓட்டுப் போட்டது. யூனிபார்ம் சட்டைக்கோ விடிந்தால் பள்ளிக்கூடம். கீழே விழுந்து அழுக்காகாமல் காய்ந்தால் போதும் என்று கிளிப்புக்குப் போட்டது.

“பீரோவை விட்டுட்டுப் போயும் போயும் கிளிப்புக்கா போட்டே? அசடு!” என்றது நைட்டி.

சொல்லி வாய் மூடவில்லை, காற்று ஒரு அடி அடித்தது. ஹேங்கர் நைட்டியோடு பறந்து, பக்கத்து மாடியில் காயவைத்திருந்த மிளகாய் மேல் போய் விழுந்தது.

“ஐயோ, தேர்தல் அறிக்கையில இது இல்லையே!” என்று நைட்டி அலற, சட்டை இரண்டு கைகளையும் வீசிச் சிரித்து ஊஞ்சலாடியது.

“விட்டேனா பாத்தியா தம்பி?” என்றது கிளிப், பெருமை தாங்காமல்.

அப்போது காலரில் ஒரு தூறல் விழுந்தது. பிறகு சடசடவென்று மழையே பிடித்துக்கொண்டது.

“அண்ணே, நனையுறேன். அந்தப் படிக்கட்டுக் கூரைக்குள்ள ஓடிடுறேன், விடுங்கண்ணே.”

கிளிப் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் இறுக்கிப் பிடித்தது.

“அண்ணே... கொஞ்சம் விடுங்களேன்.”