பசையின் கையைப் பிடித்த நார்த்தூள்

பிளைவுட் பட்டறைப் பசைக்கு அன்று காலையிலிருந்தே ஒரே நடுக்கம். ஒரே மரத்தில் உரித்த அக்கா தங்கையான இரண்டு மரத்தகடுகளை அது ஒட்ட வேண்டும். ஒட்டியபின் பிடிப்பைச் சோதிக்கப் பட்டறைக்காரர்கள் கொதிதண்ணீரில் போட்டுப் பார்ப்பார்கள். பிரிந்தால் இரண்டும் அடுப்புக்குத்தான். போன தடவை பசை நீர்த்துப்போய் ஓரமாக வழிந்தோடிவிட்டது.

அந்த நேரம் பார்த்து, பசையைக் கெட்டியாக்கக் கொட்டிய கரும்புச்சக்கை நார்த்தூள் பசைக்குள் வந்து விழுந்தது.

"ஒட்டவே தெரியாத உனக்கு இங்க என்னடி வேலை?" என்று சிடுசிடுத்தது பசை.

"ஒட்டுறதை நீயே ஒட்டு மகராசி. நீ ஓடிடாம நான் கையைப் பிடிச்சுக்கிறேன்."

பசை தயங்கித் தயங்கிக் கையை நீட்டியது. தகடுகளுக்கு நடுவே பசையைப் பூசிச் சூடாக அழுத்தினார்கள், கொதிதண்ணீரில் போட்டார்கள்.

"அக்கா, இருக்கியா?" என்றது தங்கைத் தகடு.

"உன் முதுகிலதான்டி இருக்கேன். எங்க போவேன்?"

நார்த்தூள் சிரித்தது. "தண்ணி ஆறிடுச்சு. இனி கையை விடலாமே?"

பசை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டது.