மடியில் இருந்த ஃபைல்

அவிநாசியில் ஏறிய பெண்ணின் கையிலிருந்து ஃபைலை வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன்.

நிற்கிறவர்களின் பையை உட்கார்ந்திருப்பவர்கள் வாங்கிக்கொள்வது எங்கள் பக்கத்து டவுன் பஸ்ஸில் கேட்காமலே நடக்கிற காரியம். அதற்கு யாரும் நன்றி சொல்வதுகூட இல்லை.

பிளாஸ்டிக் உறை வழியே கல்லூரிக் கடிதம் தெரிந்தது. மௌனிகா என்று பெயர்.

அவள் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு கையால் ஷாலை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டாள். ஒவ்வொரு கார் முந்திப் போகும்போதும் இழுத்தாள்.

"பீளமேடு வந்தாச் சொல்லுங்க அக்கா. பன்னெண்டு மணிக்குள்ள காலேஜுல இருக்கோணும். இல்லீன்னா என்ற சீட்டை வேற ஆளுக்குக் குடுத்துருவாங்களாம்."

மணி பத்தே முக்கால். தாராளமாகப் போய்விடலாம் என்றேன். அவள் சிரிக்கப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர்தான் வந்தது.

காலில் ஒரு செருப்பு நீலம், ஒன்று கறுப்பு. வீட்டுக்குத் தெரியாமல் கிளம்பியவள்தான் அப்படி மாட்டிக்கொண்டு வருவாள். எனக்கு அது உறைத்திருக்க வேண்டும். எங்கள் வம்சத்திலேயே முதல் டிகிரி நான். அதை வாங்க வாசலைத் தாண்டுவதற்குள் என்ன பாடு பட்டேன் என்பது எனக்குத் தெரியும்.

உறைக்கவில்லை.

நான் ஃபைலை வாங்கியதைப் பார்த்து, முன் சீட்டில் இருந்தவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அதைப் பார்த்து இன்னொருவர் முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தார். பக்கத்து சீட்டில் மூன்று பேர் ஒடுங்கி, நாலாவதாக அவளுக்கும் இடம் செய்தார்கள்.

ஒருவர் நல்லவராகிவிட்டால் மற்றவர்களுக்குச் சும்மா இருக்க முடிவதில்லை.

பச்சைச் சேலை கட்டிய அம்மா ஒருவர் அவள் கண்ணைத் தன் முந்தானையாலேயே துடைத்துவிட்டார். "ஏங்கண்ணு அழுவறே? எந்த ஊரு நீயி?"

தெக்கலூர் தாண்டுவதற்குள் ஊர் தெரிந்துவிட்டது. அப்பா பெயரும் தெரிந்துவிட்டது.

"அட, நாச்சிமுத்து மகளா! எங்க சின்னம்மா மகளை உங்க ஊருக்குத்தானே குடுத்திருக்குது!"

அந்த அம்மாவுக்கு வந்த சந்தோஷம் நிஜமான சந்தோஷம். உடனே சின்னம்மா மகளுக்குப் போன் போட்டார். அங்கிருந்து யாருக்கோ போனது. கருமத்தம்பட்டியில் பஸ் நின்று கிளம்பியபோது பதில் வந்தது.

"அழுவாத சாமி. உம்பட மாமன் தறிக்குடோன்லதான் இருக்காராமா. காரு எடுத்துட்டு வாராரு. புதங்கெழமை கல்யாணத்தை வெச்சுக்கிட்டு, மாப்பிள்ளைகிட்டக்கூடச் சொல்லாம இப்படிப் பஸ்ஸுல இடிபட்டுட்டு வருவாங்களா?"

பஸ்ஸே சிரித்தது. யாரோ கல்யாண விருந்து எங்கே என்று கேட்டார்கள்.

மௌனிகா சிரிக்கவில்லை. திரும்பி என்னை மட்டும் பார்த்தாள்.

"அவளுக்கு அட்மிஷன் இருக்குதுங்க, பன்னெண்டு மணிக்குள்ள..." என்று ஆரம்பித்தேன்.

"அதுக்குத்தான் காரு வருது கண்ணு. அவரே காலேஜுல எறக்கி உடுவாரு."

எல்லோரும் தலையாட்டினார்கள். எவ்வளவு நல்ல யோசனை.

நீலாம்பூர் வருவதற்கு முன் ஒரு வெள்ளைக் கார் முந்திப் போய், இண்டிகேட்டர் போட்டு ஓரம் கட்டியது. அங்கே ஸ்டாப் கிடையாது. ஆனாலும் டிரைவர் நிறுத்திக் கொடுத்தார். மூச்சுவிட இடமில்லாத கூட்டம் அவளுக்கு வழி விட்டது.

அவள் முன் சீட்டின் கம்பியை விடவில்லை.

பச்சைச் சேலை அம்மாதான் விரல் விரலாக எடுத்துவிட்டார். அத்தனை மெதுவாக. முள் எடுப்பதைப் போல.

"கட்டிக்கப்போற மாமன்கிட்ட என்ன கூச்சம்? போ சாமி."

கீழே நின்ற மாமனுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். முகத்தில் கோபமே இல்லை. பஸ்ஸைப் பார்த்துக் கைகூப்பினார்.

"ரொம்ப உபகாரமுங்க. நீங்கெல்லாம் இல்லீன்னா நாங்க எங்கீங்க போய்த் தேடறது?"

காலையிலிருந்து தேடிக்கொண்டிருந்தவர் பேச்சு அது. அது ஒருவர் காதிலும் விழவில்லை.

நான் எழுந்தேன். எழுந்தேன், அவ்வளவுதான். என் கையிலிருந்த ஃபைலை யாரோ எடுத்து, கை கையாக ஜன்னல் வரைக்கும் கடத்திவிட்டார்கள். மாமன் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பின் கதவைத் திறந்தார். மௌனிகா ஏறினாள்.

பஸ் அவர்களைத் தாண்டி நகர்ந்தது. நான் பின் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டே இருந்தேன். கார் பீளமேட்டுக்கு வரவில்லை. ரோட்டின் இடைவெளியில் திரும்பி, அவிநாசிப் பக்கம் போனது.

மணி பதினொன்றரைகூட ஆகியிருக்கவில்லை.

உள்ளே எல்லோருக்கும் மனது நிறைந்திருந்தது. ஒருவர் தன் இடத்தை ஒரு முதியவருக்குக் கொடுத்தார். மிச்ச முறுக்கு முன்னால் இருந்து பின்னால் போனது. அன்று அந்த பஸ்ஸில் கெட்டவர் என்று ஒருவர்கூட இல்லை.

அந்த அம்மாவை நான் நாலு நாள் திட்டினேன். ஆபீஸில் திட்டினேன், ஹாஸ்டலில் திட்டினேன். முன்பின் தெரியாத பெண்ணிடம் ஊர் கேட்கிற இந்தச் சனத்தையே திட்டினேன். கேட்டவர்கள் எல்லோரும் என்னோடு சேர்ந்து திட்டினார்கள்.

ஐந்தாவது நாள் புதன்கிழமை. அன்றைக்கு வாய் வரவில்லை.

ஏனென்றால் மௌனிகா ஊரைச் சொல்லவே இல்லை. அந்த அம்மா மூன்று தடவை கேட்டும் தலையைக் குனிந்துகொண்டுதான் இருந்தாள். பெரியவர் ஒருவர் அத்தனை அன்பாகக் கேட்டும் பதில் வராதது எனக்குத்தான் மரியாதைக் குறைவாகப் பட்டது. ஃபைலைத் திருப்பி, கடிதத்தில் இருந்த ஊரை நான் படித்துச் சொன்னேன்.

அவர் கேட்டது ஊரை மட்டும்தான்.

அப்பா பெயரையும் சேர்த்துப் படித்தேன்.