சளிக்குக் கொடுத்த மாத்திரை

"எரிச்சல் இருக்கா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"எம்மேல நிறைய இருக்கு டாக்டர். சிறுநீர் போகும்போது இல்லையாம்," என்றாள் தையல்காரரின் மனைவி.

தையல்காரர் தலையைக் குனிந்துகொண்டார். இரண்டு நாளாகச் சிறுநீர் முக்கி முனகினால்தான் கொஞ்சம் வருகிறது. பெரிய வியாதியோ என்று அவருக்கு உள்ளூர உதறல்.

"காய்ச்சல், விலாவுல வலி?"

"எதுவுமில்ல."

"அப்போ கிருமியோ கல்லோ மாதிரி தெரியல. அம்பது தாண்டினா ப்ராஸ்டேட் சுரப்பி வீங்கும். ஆனா அந்தத் தொல்லை மெதுவா வரும். இது திடீர்னு வந்திருக்கே, புதுசா ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?"

"இல்லவே இல்ல!" என்றார் அவசரமாக.

"ஏங்க, சளிக்கு மூணு வேளையும் நான்தானே மாத்திரை குடுக்கறேன்?"

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "அதான் விஷயம். சில சளி மாத்திரைங்க இந்த வயசு ஆம்பளைங்களுக்குச் சிறுநீரை அடைச்சிடும். நிறுத்துங்க, சரியாயிடும். எதுக்கும் ஒரு ஸ்கேன் பார்த்துடலாம்."

தையல்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அப்போ இவரு சளிக்கு என்ன குடுக்கறது?" என்று மனைவி பதறினாள்.

டாக்டரம்மா டார்ச் அடித்து மூக்கையும் தொண்டையையும் பார்த்தார். முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார்.

"சளியா? இவருக்கா?"

மனைவி கணவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு நிதானமாகப் போனை எடுத்தாள்.

"அண்ணா, உங்க வீட்டுக் குழந்தைங்களுக்குச் சளி ஒட்டிக்கும்னு சொல்லித்தானே இவரு அங்க வரமாட்டேன்னாரு? இப்ப சளி சுத்தமா இல்லையாம். ஒரு வாரம் தங்கற மாதிரி வர்றோம்!"