வென்ஸ்

“‘வென்ஸ் டூ யூ கால்’னு கேட்டா, கூப்பிட்டவங்களுக்கு என்ன புரியும்? நீங்களே சொல்லுங்க.”

சூப்பர்வைசர் ஹெட்செட்டைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் கூரியர் கம்பெனியின் அழைப்பு மையம் ஓயாமல் இரைந்துகொண்டிருந்தது. இந்தப் பக்கம், எதிர் நாற்காலியில் மகாராஜா. பெற்றவர்கள் வைத்த பெயர் அதுவல்ல. பார்சலைக் காணோமென்று பதறிக் கூப்பிடுகிறவர்களிடம், நாடக மேடை அரசனைப்போல் வழக்கொழிந்த இங்கிலீஷில் பேசுவதால் கூட வேலை செய்கிறவர்கள் சூட்டிய பட்டம்.

தன்னைக் கேலி செய்கிறார் என்று ஒரு பெண்மணி போன வாரம் கொதித்திருந்தார். இன்னொரு புகார் வந்தால் ஆளை அனுப்பிவிடு என்று மேனேஜர் அப்போதே சொல்லிவிட்டார். அந்த இன்னொரு புகார் இன்று காலை வந்துவிட்டது. ஆனால் சூப்பர்வைசருக்கு மனசு வரவில்லை. எப்பேர்ப்பட்ட கோபக்காரரையும் பேசிப் பேசியே தணிய வைக்கும் பொறுமை அந்த வரிசையில் இவர் ஒருவருக்குத்தான் உண்டு.

எதற்காக இந்தச் சொற்களைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள் என்று கேட்டாள். அவர் கூச்சத்தோடுதான் ஆரம்பித்தார். நம்மிடம் இங்கே, அங்கே, எங்கே இருப்பதுபோல அவர்களிடம் ஹியர், தேர், வேர். ஆனால் ஒரு காலத்தில் ஒவ்வொன்றுக்கும் கூடப் பிறந்தவை இரண்டு இருந்தனவாம். நிற்கிற இடத்துக்கு ஹியர். இங்கே வருவதென்றால் ஹிதர். இங்கிருந்து கிளம்புவதென்றால் ஹென்ஸ். அதேபோல அங்கே போவதற்குத் திதர், அங்கிருந்து வருவதற்குத் தென்ஸ். எங்கே போகிறாய் என்பதற்கு விதர், எங்கிருந்து என்பதற்கு வென்ஸ். பார்சல் வேலைக்கென்றே அளவெடுத்துத் தைத்த மாதிரி இல்லையா என்றார். ஹென்ஸின் கடைசியில் கேட்கும் ‘ஸ்’கூட ஏதோ பழைய வேற்றுமை உருபின் மிச்சமாம், ஒன்ஸ், ட்வைஸ் இரண்டிலும் ஒட்டிக்கொண்டிருப்பது அதே வால்தானாம். லீவு நாளில் நூலகத்தில் உட்கார்ந்து தேடித் தேடிப் படித்திருக்கிறார்.

கண்டிக்க உட்கார்ந்தவள் கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஹிதர், திதர், விதர் என்று தனக்குள் ஒருமுறை சொல்லியும் பார்த்துக்கொண்டாள்.

“இதுல பெரிய வசதி என்னன்னா மேடம், ‘இருந்து’ங்கிறது அந்தச் சொல்லுக்குள்ளேயே அடங்கிடுது. முன்னாடி தனியா இன்னொண்ணைப் போட வேண்டியதில்ல.”

“எதை? ‘ஃப்ரம்’மையா?”

அவர் தலையை மட்டும் ஆட்டினார். “தமிழ்ல இந்தத் தொல்லையே இல்ல. ‘எங்கிருந்து பேசுறீங்க’னு வாய் நிறையக் கேட்டுடலாம்.”

ரசனை வேறு, பிழைப்பு வேறு என்று அவள் நினைத்துக்கொண்டாள். வேலை தப்ப வேண்டுமானால் ஒன்றே ஒன்று செய்தால் போதும் என்றாள். கம்பெனி எழுதிக்கொடுத்த கேள்வியை அவர் குரலில் பதிவு செய்து மேனேஜருக்கு அனுப்பிவிடலாம். திருந்திவிட்டார் என்று அவரும் விட்டுவிடுவார்.

மைக்கை அவர் பக்கம் நகர்த்திப் பொத்தானை அழுத்தினாள். “ஒரே ஒரு தடவை சொல்லுங்க. ‘ஃப்ரம் வேர் ஆர் யூ காலிங்?’ அவ்வளவுதான்.”

அவர் மைக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு இறங்கி வந்தும் இந்த மனுஷனுக்கு வறட்டுப் பிடிவாதமா என்று அவளுக்கு எரிச்சல் மூண்டது.

“உங்களுக்காகத்தானே மல்லுக்கட்டிட்டு இருக்கேன்? வேலை போனாலும் பரவாயில்ல, பழைய இங்கிலீஷ்தான் முக்கியம்ங்கிறீங்களா?”

அவர் இல்லையென்று தலையசைத்து மூச்சை இழுத்துக்கொண்டார். மேல்வரிசைப் பல் கீழுதட்டில் பதிந்தது, பதிந்தபடியே நின்றது. கண்கள் இறுக மூடிக்கொள்ள, கழுத்து நரம்பு புடைக்க, “ஃப்... ஃப்... ஃப்...” என்று வெறும் காற்றுதான் வந்ததே தவிர, அதற்குப் பின்னால் வரவேண்டிய சொல் வரவேயில்லை.

சூப்பர்வைசர் எட்டி மைக்கை அணைத்தாள். “போதும். உங்க வாய்க்கு வர்றதையே கேளுங்க. மேனேஜர்கிட்ட நான் பேசிக்கிறேன்,” என்றாள்.