ஆறாம் மேசை

பணியாளர் குடியிருப்பின் கூடத்தில் நான்கு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் விளக்கு மங்கும், பாட்டு வேகமெடுக்கும், நாற்காலிகள் தாமாகவே நெருங்கி வரும். குடிக்க வைத்துக் காசு பார்ப்பதற்காகவே நிர்வாகம் கட்டிய கூடம் அது என்று எல்லோருக்கும் தெரியும். இருபத்தாறு வயதில் கல்லீரல் வீங்கியிருப்பதாக டாக்டர் சொன்ன அன்று, இன்பராஜ் அந்த ஊரில் தனக்கிருந்த ஒரே நண்பனிடம் போனான்.

"இன்னையோட நிறுத்துறேன் ஜெரால்டு. நீதான் கூட இருந்து பாத்துக்கணும்."

"பாத்துக்கறேன் மச்சி. வா, நம்ம மேசையில சும்மா உக்காந்து பேசுவோம்."

கூடத்தில் தண்ணீர் வைப்பதில்லை. உப்புக்கடலை தின்று தொண்டை வறண்டது. கால் மணி நேரம் தாங்கிய இன்பராஜ், "ஒரே ஒரு மடக்குடா" என்று ஜெரால்டின் கிளாஸைப் பிடுங்கிக் குடித்தான்.

ஆறிப்போன, பால் விடாத தேநீர்.

"ரெண்டு வருஷமா இதைத்தான் குடிக்கிறியா?"

"கத்தாதடா. இது என் வேலை. ஒருத்தன் கிளாஸ் சீக்கிரம் காலியானா பக்கத்துல இருக்கறவனும் காலி பண்ணுவான். நிர்வாகத்துல என்னை ஆறாம் மேசைக்குப் போட்டாங்க. அங்க நீ இருந்த."

"எங்கம்மா செத்தப்போ தூத்துக்குடி வரைக்கும் வந்தியே. சவப்பெட்டியைத் தூக்கினியே. அது?"

ஜெரால்டு கிளாஸைத் துடைத்தான். "டிக்கெட் நிர்வாகத்துலதான் போட்டாங்க."

"அழுதியேடா."

"அது நிஜம் மச்சி."

இன்பராஜ் அவன் முகத்தையே பார்த்தான். நம்ப வேண்டும் போல இருந்தது, முடியவில்லை.