உள்ளே இருந்த வருஷங்கள்

"எத்தனை வருஷம்ப்பா உள்ள இருந்தே?" அச்சக முதலாளி கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுக் கேட்டார்.

"ரெண்டு வருஷம் சார். பத்தொன்பது வயசுல போனேன்." எதிரே நின்ற பையனின் குனிந்த தலை நிமிரவில்லை.

முதலாளிக்கு மனசு இளகிவிட்டது. அவருடைய சொந்தத் தம்பி ஜெயிலிலிருந்து வந்தபோது ஒருத்தரும் வேலை தரவில்லை. அந்த ஆற்றாமையில், உள்ளே போய் வந்தவர்களாகப் பார்த்துத் தன் பைண்டிங் பகுதியில் சேர்த்துக்கொண்டிருந்தார். ஊருக்கே அது தெரியும்.

"ரொம்பக் கஷ்டப்பட்டியா?"

"தலைமுடியெல்லாம் போச்சு சார். ஜன்னலைத் திறக்க விடமாட்டாங்க. வீட்டுக்காரங்களை சாயங்காலம் கொஞ்ச நேரம்தான் பாக்க விடுவாங்க."

"சிநேகிதங்க யாரும் வரலையா?"

"ஆரம்பத்துல வந்தாங்க. அப்புறம் எட்டிக்கூடப் பாக்கல. பக்கத்துக் கட்டில் பையன் ஒருத்தன்தான் துணை. அவனும் போய்ச் சேந்துட்டான்."

சட்டைக் காலருக்குக் கீழே தழும்பு ஒன்று எட்டிப் பார்த்தது. முதலாளியின் கண் அங்கே போவதைக் கவனித்தவன், "கத்தி பட்டது" என்று பொத்தானைப் போட்டுக்கொண்டான். அவரும் மேற்கொண்டு தோண்டவில்லை.

"வெளிய வந்து இத்தனை நாளா என்ன செஞ்சே?"

"வேலைக்கு அலையறேன் சார். எல்லாரும் உக்கார வெச்சு, டீ கொடுத்து, பக்குவமா அனுப்பிடறாங்க. அக்கா சம்பாத்தியத்துல சாப்பிடறேன், சோறு தொண்டையில இறங்க மாட்டேங்குது. இந்த வேலையும் இல்லேன்னா அவ முகத்துல எப்படி முழிப்பேன்னு தெரியல."

முதலாளிக்குத் தம்பி நினைவு வந்தது.

"நாளைக்கே வந்துடு. தப்பு பண்ணாத மனுஷன் யாரு? இங்க உன்னை யாரும் குத்திக்காட்ட மாட்டாங்க."

பையன் கைகூப்பினான். தலையை ஆட்டிவிட்டுப் படியிறங்கினான்.

ஒருவனைக் கரையேற்றிவிட்ட திருப்தியில் முதலாளி நாற்காலியில் சாய்ந்தார். எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று சொல்லவில்லையே என்பது அப்போதுதான் உறைத்தது. அவசரமாக எழுந்து பின்னாலேயே போனார்.

வாசலில் பையன் முதுகைக் காட்டி நின்றபடி, போனில் அழுதுகொண்டிருந்தான்.

"வேலை கிடைச்சிடுச்சுக்கா. கேன்சர்னு உண்மையைச் சொன்ன எடத்துலயெல்லாம் பாவம்னு சொல்லி அனுப்பிட்டாங்க, அதான் இங்க ஜெயில்னு சொல்லிட்டேன்."